படபடப்பு அடங்கினாலும் குளிசை நிற்கக்கூடாது: வயதுபோன காலத்தில் வரும் ஏற்றியல் ஃபிப்ரிலேஷன்

வயதுபோனவர்கள் பலருக்கு இந்த வருத்தம் இருப்பது தற்செயலாகத்தான் தெரியவருகிறது. கண்ணில் வெண்புரை எடுப்பதற்கு முன் எடுத்த ஈசிஜியில் தெரியும். அல்லது பிரஷர் கிளினிக்கில் கையைப் பிடித்துப் பார்த்த டொக்டர், வழமையைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்துவிட்டு, "ஐயா, ஒரு ஈசிஜி எடுத்துக்கொண்டு வாங்கோ" என்பார். திரும்பி வரும்போது கிளினிக் கொப்பியில் ஏஎஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்து ஏறியிருக்கும். ஏற்றியல் ஃபிப்ரிலேஷன் என்பதன் சுருக்கம் அது, இதயம் தாளம் தப்பித் துடிக்கும் வருத்தம். வீட்டுக்கு வந்து கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளைக்குச் சொன்னால், அரைமணித்தியாலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வரிசையாக வந்து விழும். அன்றிரவு நித்திரை இல்லை.

இந்த வருத்தத்தில் ஆளைப் பயப்படுத்துவது ஒன்று, உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. பயப்படுத்துவது நெஞ்சுப் படபடப்பு. உலை வைப்பது, எந்தச் சத்தமும் இல்லாமல் இதயத்துக்குள் உறைகிற இரத்தக்கட்டி. இரண்டுக்கும் வேறுவேறு குளிசை. இதைப் பிரித்து விளங்கிக்கொள்ளாததால்தான் படபடப்பு அடங்கியதும் பலர் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, ஒரு பக்கம் வழங்காமல் கிடக்கிறார்கள். திருகோணமலையில் அப்படிப் போன குடும்பங்களை நான் அறிவேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயத்தின் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலது சோணையறையில் இருக்கும் ஒரு சிறு முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பை அனுப்ப, முதலில் மேல் அறைகளும் அடுத்துக் கீழ் அறைகளும் சுருங்கும். ஏற்றியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் மேல் அறைகளுக்குள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையான தாறுமாறான மின்துடிப்புகள் ஓடும். அறை சுருங்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் அப்படியே கீழே இறங்கினால் ஆள் தப்பமுடியாது. நடுவில் இருக்கும் இன்னொரு முடிச்சு அவற்றில் பெரும்பகுதியை மறித்துச் சிலதை மட்டும் கீழே விடுகிறது. எதை விடும், எதை மறிக்கும் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. அதனால்தான் நாடி சிலவேளை நிமிடத்துக்கு 110, 140 என்று ஏறுவதோடு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் ஆறியிருந்துவிட்டு, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாகச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் பழக்கம் இங்கே சரிவராது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு துடிப்புக் கிட்டக்கிட்ட வரும், பிறகு ஒரு நீண்ட இடைவெளி, பிறகு பலமாக ஒன்று, பிறகு விரலுக்குப் பிடிபடாத அளவுக்கு மெல்லியதாக ஒன்று. எவ்வளவு கவனித்தாலும் அடுத்தது எப்போது வரும் என்று சொல்லமுடியாது. இடைக்கிடை ஒரு துடிப்புத் தவறிப் பிறகு பழையபடி சீராக ஓடினால், அது பெரும்பாலும் வேறு விசயம். ஐயம் இருந்தால் ஈசிஜிதான் தீர்ப்பு. 1909இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் என்ற வைத்தியர் இந்த வருத்தத்தை ஈசிஜித் தாளில் அடையாளம் கண்டார். இன்றைக்கும் அதே வழிதான். பிள்ளைகள் அனுப்பிவைக்கும் கைக்கடிகாரம் எச்சரிக்கலாம், ஆனால் அதன் சொல்லை மட்டும் நம்பி மருந்து தொடங்குவதில்லை. வீட்டில் பிரஷர் பார்க்கும் மெசினும் இந்த நாடியில் கொஞ்சம் தடுமாறும். ஆகையால் மூன்று தடவை பார்த்துச் சராசரியை எழுதிவையுங்கள்.

வயதுபோன காலத்தில் ஏன் வருகிறது? பல வருசம் பிரஷர் கூடியிருந்த இதயத்தில் சோணையறை விரிந்து, சுவரில் தழும்பு விழுகிறது. அந்தத் தழும்புகள்தான் மின்துடிப்பை வழிதவற வைக்கின்றன. மேற்கு நாட்டு ஆய்வுகளின்படி 80 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. சுகர், உடற்பருமன், இதயத் தளர்ச்சி, மதுபானம் எல்லாம் சேர்த்துத் தள்ளும். குறட்டையோடு மூச்சு அடைபட்டு அடைபட்டு வரும் நித்திரைக் கோளாறும் தள்ளும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது. உப்பு பிரஷரைக் கூட்டுகிறது, பிரஷர் இதற்கு வழி வெட்டுகிறது. தைரொயிட் சுரப்பி கூடுதலாகச் சுரந்தாலும் ஏஎஃப் வரும். அதற்கு மருந்து இருப்பதால், முதல் தடவை கண்டுபிடிக்கும்போதே அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ ஸ்கானும் கட்டாயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனிக் கட்டியின் கதை. சோணையறை சுருங்காமல் நடுங்கினால், முகத்துவாரம் மூடின களப்பில் தண்ணீர் தேங்குவதுபோல அங்கே இரத்தம் தேங்கும். இடது சோணையறையின் ஓரத்தில் விரல்நுனி அளவில் ஒரு சிறு பை இருக்கிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களில் பத்துக் கட்டியில் ஒன்பது இந்தப் பைக்குள்தான் உறைகிறது. அங்கிருந்து நழுவினால் பெரும்பாலும் மூளைக்கே ஓடும். ஏஎஃப் இல்லாதவரைவிட உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. கட்டி பெரிதாக இருப்பதால் இந்தப் பாரிசவாதம் பெரும்பாலும் கடுமையாகவே வரும். படபடப்பு இருக்கிறதா இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பவருக்கும் அதே ஆபத்துத்தான்.

உப்புவெளியில் எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. குளிசை தொடங்கி மூன்றாம் மாதம் பார்க்கப் போனபோது மேசையில் ஒரு அட்டை அப்படியே கிடந்தது.

"பெரியம்மா, இதை ஏன் விட்டனீங்கள்?"

"இப்ப நெஞ்சு படபடக்கேல்லைத்தானே பிள்ளை. பிறகென்னத்துக்குக் குளிசை? சும்மா வயிற்றைப் புண்ணாக்கவோ?"

படபடப்பை அடக்கிய பிசொப்ரொலோலை அவர் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். விட்டது கட்டிக்கான குளிசையை. போட்டால் ஒரு சுகமும் தெரியாது, விட்டால் ஒரு கேடும் தெரியாது, ஆகவே அது தேவையில்லை என்று முடிவெடுத்திருந்தார். படித்தவர், நிதானமானவர், மருந்துக்குச் சோம்பல்படுகிறவரும் இல்லை. எந்தக் குளிசை எதற்கு என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு அட்டையிலும் பேனாவால் எழுதி வைத்தோம்: ஒன்றில் "வேகத்துக்கு", மற்றதில் "கட்டிக்கு, சாகும்வரை". "சாகும்வரை" என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அதன்பிறகு விடவில்லை.

கட்டிக்கான மருந்து யாருக்கு வேண்டும் என்று டொக்டர் ஒரு புள்ளிக்கணக்குப் போடுவார். பிரஷர், சுகர், இதயத் தளர்ச்சி, இரத்தக்குழாய் அடைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வயது 65 முதல் 74 வரை ஒன்று, 75 அல்லது அதற்கு மேல் இரண்டு. முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்பதற்கும் ஒரு புள்ளி கொடுத்து வந்தார்கள், 2024இல் ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டல் அதை எடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் இரண்டு வந்தாலே மருந்து வேண்டும் என்பதுதான் நிலைப்பாடு. 75 வயதானவர் வேறு எந்த வருத்தமும் இல்லாமலே அந்த இரண்டைத் தொட்டுவிடுகிறார். "அஸ்பிரின் போடுகிறேன், போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மாரடைப்புக்கு அது நல்ல மருந்து. ஏஎஃப் கட்டியைத் தடுப்பதில் அது பலவீனமானது, இரத்தக்கசிவோ அதிலும் உண்டு.

அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கும் பழைய மருந்து வார்ஃபரின். "எலிமருந்தைத்தான் மனிசருக்குக் குடுக்கிறாங்கள்" என்ற கதை எங்கள் ஊரிலும் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை இருப்பதால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலிமருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த வருசம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. அந்த அளவைப் பிடிப்பதற்கு ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஏஎஃப் உள்ளவருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. ஒழுங்காக எடுத்தால் பாரிசவாதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. ஒரு குளிசைக்கு இது பெரிய சாதனை.

வார்ஃபரின் தொடங்கியவரிடம் "கீரை சாப்பிடாதே" என்று யாரோ சொல்லிவிடுவார்கள். அதோடு முருங்கையிலை வறை போச்சு, வல்லாரைச் சம்பல் போச்சு, பொன்னாங்காணி போச்சு, மனிதர் சோர்ந்துபோவார். கீரையில் இருக்கும் விற்றமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். அதற்காகக் கீரையை அடியோடு விடத் தேவையில்லை. கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஏறத்தாழ ஒரே மாதிரி வைத்திருங்கள், அதற்கேற்ப டொக்டர் மில்லிகிராமைச் சரிசெய்வார். ஒரு மாதம் கீரையே இல்லை, அடுத்த மாதம் விரதம் என்று தினமும் கீரை என்றால்தான் ஐஎன்ஆர் ஆடும். குளிசையைப் பின்னேரத்தில் போடுங்கள். காலையில் எடுத்த ஐஎன்ஆரைப் பார்த்து அன்றைக்கே அளவை மாற்ற அதுதான் வசதி. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருப்பவர்கள் மாரி வெள்ளத்தில் பாதை அறுபடும் காலத்துக்கென்று இரண்டு கிழமைக் குளிசையை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. 2022இன் மருந்துத் தட்டுப்பாடு எவருக்கும் மறந்திருக்காது. குளிசை முடிகிறது என்று பாதியாக உடைத்து நாளைக் கடத்தாமல், முடிவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள்.

அப்பிக்ஸபான், ரிவரொக்ஸபான், டபிகற்றான் என்ற புதிய மருந்துகள் ஏஎஃப்புக்கு 2010இலிருந்து வந்தவை. ஐஎன்ஆர் தேவையில்லை, கீரைக் கணக்கும் இல்லை, மூளைக்குள் இரத்தம் கசிவது வார்ஃபரினில் நடப்பதில் ஏறத்தாழப் பாதிதான். வெளியில் வாங்குவோருக்குக் கைக்காசு போகும் என்பது ஒரு பெரிய தடை. இவை உடம்பில் நிற்கும் நேரமும் குறைவு. ஒருநாள் மறந்தால் அந்த ஒருநாள் காவல் இல்லை. ரிவரொக்ஸபானைச் சாப்பாட்டோடுதான் போடவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கந்தசஷ்டி பிடிப்பவர்களும் கிண்ணியா, மூதூரில் நோன்பு நோற்பவர்களும் விரதம் தொடங்கமுன் டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். இந்த மருந்துகளுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கவேண்டும். பதவிசிறிபுர போல மாவட்டத்தின் வடமேற்கில் சிறுநீரக நோய் பரவியிருப்பதால் இது வெறும் பேச்சு இல்லை. அப்பிக்ஸபானில் வயது 80 அல்லது அதற்கு மேல், நிறை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவைக் குறைப்பார்கள். எங்கள் அம்மம்மாமார் பலர் 45, 50 கிலோதான். ஆகவே கிளினிக்கில் நிறை பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

எக்கோ ஏன் கட்டாயம் என்று சொல்கிறேன் என்றேன். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டவர்கள் எங்கள் மூத்த தலைமுறையில் இருக்கிறார்கள். அந்த வாதக்காய்ச்சல் இதயத்தின் மைற்றல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சுருங்கிய வால்வு உள்ளவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் புதிய மருந்துகள் பொருந்தாது, வார்ஃபரின்தான். வாதக்காய்ச்சலால் இதயம் பாதித்தவர்களில் ரிவரொக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே மேல் என்று 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை "புது மருந்தை வாங்கிப் போடுங்கோ அம்மா" என்று காசு அனுப்பினாலும், எக்கோ பார்க்காமல் மாற்றக்கூடாது.

விழுந்துவிடுவார், இரத்தம் போகும், ஆகவே குளிசை வேண்டாம் என்று சில வீடுகளில் தடுக்கிறார்கள். அக்கறைதான், ஆனால் கணக்குப் பிழை. ஏஎஃப் உள்ள முதியவர்களைப் பற்றி 1999இல் வெளியான ஒரு கணிப்பின்படி, வார்ஃபரினின் நன்மையை விழுவதால் வரும் மூளைக்கசிவு மிஞ்சவேண்டுமானால் ஒருவர் வருசத்துக்கு ஏறத்தாழ 295 தடவை விழவேண்டும். குளியலறைக்குக் கைபிடிக் கம்பி போடுங்கள், இரவில் வெளிச்சம் வையுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள். தலை அடிபட்டால் மட்டும், வெளியே காயம் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலை.

உண்மையில் கவனிக்கவேண்டியது முழங்கால் நோவுக்கு பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினக், ஐபுபுரூபன் போன்றவை. கட்டிக்கான குளிசையோடு இவை சேர்ந்தால் வயிற்றுக்குள் கசியும், மலம் தார்போலக் கறுத்துப் போகும். பூசும் எண்ணெய் பரவாயில்லை, குடிக்கும் நாட்டு மருந்தை டொக்டருக்குச் சொல்லாமல் தொடங்கக்கூடாது. சில அன்ரிபயோட்டிக்குகளும் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். பல்லுப் பிடுங்கப் போனால் பல் வைத்தியருக்குச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவேண்டாம். அடுத்தது டெங்கு. 2017இல் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்கு நினைவிருக்கிறது. டெங்குவில் இரத்தத் தட்டுக்கள் குறையும். அப்போது உடம்பில் இந்த மருந்தும் இருந்தால் கசிவு இரட்டிப்பு ஆபத்து. ஆகவே வார்ஃபரினோ புதிய மருந்தோ போடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் "மூன்று நாள் பார்ப்போம்" என்று இருக்கவேண்டாம். முதல் நாளே போய் இரத்தம் பார்த்து, என்ன குளிசை போடுகிறேன் என்று காட்டவேண்டும். நோவுக்குப் பனடோல் மட்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பிசொப்ரொலோல், மெற்றோப்ரொலோல், டில்ரியாசெம், டிஜொக்சின் ஆகியவை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 110க்குக் கீழே நின்றாலே பலருக்குப் போதும். தாளத்தையே மீட்க அமியோடரோன் உண்டு, அது தைரொயிட்டையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியது. மின்னதிர்ச்சி கொடுத்துத் திருப்புவதற்கு முன் பெரும்பாலும் மூன்று கிழமையும், பின் நான்கு கிழமையும் கட்டிக்கான மருந்து தவறாமல் எடுத்திருக்கவேண்டும். குழாய் விட்டு உள்ளே சுட்டுவிடும் சிகிச்சைக்குக் கொழும்பு போன்ற இடங்களுக்குப் போகவேண்டியிருக்கும். வருத்தம் புதிதாக வந்தவர்களில், முதல் வருசத்திலேயே தாளத்தை மீட்க முயல்வது நன்மை தருகிறது என்று 2020இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. "எனக்கு அது சரிவருமா?" என்று கேட்பதில் தவறில்லை. தாளம் திரும்பினாலும் உங்கள் புள்ளி குறையவில்லை என்றால் கட்டிக்கான குளிசை தொடரும். இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

"இனிக் கோணேசர் கோயிலுக்கு ஏறலாமோ?" என்று ஒரு ஐயா கேட்டார். வேகம் கட்டுப்பட்டிருந்தால் ஏறலாம். கோட்டை வாசலிலிருந்து சுவாமிமலைக்கு ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு வசனம் முறியாமல் கதைக்கமுடிந்தால் அந்த நடை உங்களுக்குப் பொருத்தம். மூச்சு வாங்கினால் மான்கள் நிற்கும் நிழலில் ஆறியிருந்துவிட்டு ஏறுங்கள். வெயிலேற முன் போங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர்க்குளிசையும் போடுபவருக்கு உடம்பு வற்றிப்போகும், அதுவே படபடப்பைக் கிளப்பும். இரவில் படுத்தவுடன் நெஞ்சடிப்புக் காதில் கேட்பது பலரும் சொல்வது. அது ஆபத்தின் அளவுகோல் அல்ல. இடது பக்கம் சரிந்து படுத்தால் கூடுதலாகக் கேட்கும், வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். பயம் கிழமைக்கணக்கில் விடாமல் இருந்து, சாப்பாட்டையும் நித்திரையையும் கெடுத்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் மருந்தும் ஆறுதலும் உண்டு. நெஞ்சு நோ, மயக்கம், படுக்கவே விடாத மூச்சுத்திணறல் வந்தால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்கவில்லை, பேச்சுக் குழறுகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எண்ணெய் தேய்த்துப் பார்க்கவும் தண்ணீர் பருக்கவும் வேண்டாம். கடைசியாக ஆள் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், ஸ்கான் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்கும். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்று முதலில் கேட்பார்கள். அந்த ஊசி போடலாமா கூடாதா என்பதே அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, கொப்பி எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வையுங்கள்.